ஆற்றங்கரை எல்லையூரில் விடுதலைத் திருநாள்

மும்பையிலிருந்து சென்னைக்கு வரும் தமிழன்பர் பலர், வண்டி ரேணிகுண்டாவைக் கடந்ததும் மூட்டை முடிச்சுகளை எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். அதனால், அதற்குப் பின் சன்னலுக்கு வெளியே நிகழ்வதை அவர்கள் காண்பதில்லை. புத்தூர், நகரி, ஏகாம்பரகுப்பம் என நிலையங்கள் வரும். நம் நாட்டு நிலையங்களிலேயே மிக நீண்ட பெயர்களுள் ஒன்றைத் தாங்கிய வெங்கடநரசிம்மராஜுவாரிப்பேட்டை வரும். அடுத்தது பொன்பாடி. பலகையில் தெலுங்கெழுத்து மறைந்து தமிழெழுத்துத் தோன்றும். இரு பக்கத்திலும் அதே பனை, அதே ஏரிக்கரை, அதே செம்மண். எல்லை என்பது பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்த எல்லையில் ஒரு விடுமுறை நாளைக் கழிப்பதைப் பற்றியே இங்குச் சொல்ல விரும்புகிறோம். நம் தேசிய விடுமுறைகள் மூன்றனுள் சனவரி 26 பனிக்காலத்தது. அக்டோபர் 2 மழையை எதிர்நோக்கியது. வெயிலை ஒட்டி வருவது ஆகஸ்டு 15 ஒன்றே. பஞ்சாங்கப்படி வேனில் கழிந்திருக்கும். ஆயினும் தொண்டை நாட்டின் வடகோடியில் ஆடிக் கடைசியிலும் நண்பகல் வெயில் சுடவே செய்யும். சித்தூர்ப் பக்கத்துக் கிளிமூக்கு மாங்காய் அநேகமாக ஓய்ந்து, கூழ் ஆலைகளின் பரபரப்பும் அடங்கியிருக்கும். மாலையில் ஒரு மழை பெய்தாலும் பெய்யும். குடை கொண்டு செல்க.

நாம் பரிந்துரைப்பது ஊத்துக்கோட்டையும் அதனை அடுத்த சுருட்டப்பள்ளியும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பெரியபாளையம் வழியாகத் திருப்பதி செல்லும் சாலையிலேயே இருக்கின்றன. ஊத்துக்கோட்டை தமிழ்நாட்டைச் சேர்ந்தது. சுருட்டப்பள்ளி ஆந்திரத்தைச் சேர்ந்தது. முன்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அதனுள் சேர்ந்தது. இரண்டும் ஆரணியாற்றின் ஊர்கள். இந்த ஆறு ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, இவ்வழியே வந்து, பெரியபாளையத்து அம்மன் கோயிலைத் தொட்டுப் பழவேற்காட்டுப் பக்கம் கடலை நாடுகிறது. ஆகஸ்டில் இதனை ஆறு என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிவு வேண்டும். பெரும்பாலும் மணலும் நாணலுமே. ஐப்பசி கார்த்திகையில் வந்து பாருங்கள்: பிச்சாட்டூரில் மதகு திறந்தால் ஊத்துக்கோட்டையில் எச்சரிக்கை விடுக்க வேண்டியிருக்கும்.

காலையில் இரு கரைகளிலும் கொடியேற்றம் நடக்கும். ஒரு பள்ளியில் ‘சுதந்திர தின விழா’ என்றும், சிறிது தொலைவிலுள்ள மற்றொரு பள்ளியில் ‘சுவாதந்திரிய தினோத்ஸவம்’ என்றும் பலகை எழுதியிருப்பர். சொற்பொழிவு மொழிக்கு மொழி மாறும். இறுதியில் பாடும் நாட்டுப் பண் ஒன்றே. அப்பண்ணுக்கும் இச்சீமைக்கும் ஓர் உறவு உண்டு. 1911 டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரசில் முதன்முதலாகப் பாடப்பெற்ற அதனை, 1919 பிப்ரவரியில் தாகூர் ஆங்கிலத்தில் பெயர்த்தது மதனப்பள்ளியில் இருந்த பிரம்மஞான சபையாரின் கல்லூரியில்தான். அக்கல்லூரி முதல்வரின் துணைவியார் மார்கரெட் கசின்ஸ் அம்மையார் அதன் மெட்டுக்கு இசைக்குறிப்பு வகுத்தார். மதனப்பள்ளி அன்று சித்தூர் மாவட்டத்து ஊர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இச்செய்தியில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு என்பதை மறைப்பானேன்?

1947 ஆகஸ்டு 15, வெள்ளிக்கிழமையன்று இங்கே எல்லை என்று ஒன்று இல்லை. இரு கரையும் சென்னை மாகாணமே. பொட்டி ஸ்ரீராமுலு 1952 டிசம்பரில் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததன் பின், 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தது. சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனோடு சென்றது. வேங்கடமே தமிழகத்தின் வடவெல்லை என்ற தொன்மையான வழக்கைச் சுட்டி, ம.பொ.சிவஞானமும் அவருடைய தமிழரசுக் கழகத்தாரும், திருத்தணிப் பக்கத்து மங்கலங்கிழாரும் கிளர்ச்சி செய்தனர். பின்னர்ப் படாஸ்கர் நடுவராக அமர்ந்தார். சிற்றூரை அலகாகக் கொள்வது, அங்கே பெரும்பான்மையோர் பேசும் மொழியையும் நிலத் தொடர்ச்சியையும் பார்ப்பது என்பது அவர் கொண்ட முறை. அதனை ஒட்டி 1959இல் சட்டம் இயன்று, 1960 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணி இப்பால் வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்த சத்தியவேடும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் அப்பால் சென்றன. திருப்பதி ஆந்திரத்திலேயே நின்றது. அம்முறை நியாயமானதே என்பது நம் எண்ணம். ஆனால் பெரும்பான்மை என்று ஒன்றை எண்ணினால், எண்ணிக்கையில் தோற்றவர் என்று ஒரு கூட்டமும் ஊருக்கு ஊர் இருந்தே தீரும்.

அக்கூட்டத்தாரைத்தான் வெளிமாநிலத் தமிழர் காண வேண்டும் என்கிறோம். நாம் பிழைப்பை நாடி ஊரை விட்டுப் புறப்பட்டவர்கள். இவர்களோ பிறந்த மனையை விட்டு ஓரடி நகராதவர்கள். ஒரு நாள் காலையில் வேறு மாநிலத்தவர் ஆனார்கள். அப்புறத்துத் தமிழருக்கும் இப்புறத்துத் தெலுங்கருக்கும் இது ஒக்கும். வீட்டில் ஒரு மொழி, பட்டாவில் ஒரு மொழி, சந்தையில் இரண்டும். தில்லியிலும் மும்பையிலும் நம் பிள்ளைகள் தமிழைப் பேசுவர், படிக்கமாட்டார் என்று நாம் கவலைப்படுகிறோமே, அந்தக் கவலையை இங்கே வேங்கட மலையின் நிழலிலேயே வாழ்பவரிடமும் கேட்கலாம். ‘அம்மா பேசுவதைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொள்வேன்’ என்று அப்பக்கத்துப் பள்ளிச் சிறுமி ஒருத்தி நம்மிடம் சொன்னாள். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நமக்குத்தான் அது உறுத்திற்று.

பிள்ளைகளை அழைத்துச் சென்றால், சொற்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஆற்றை அக்கரையில் ‘ஏரு’ என்பர். விடுமுறைக்குத் தெலுங்கில் ‘செலவு’ என்று பெயர். தமிழ்ப் பிள்ளை அதைக் கேட்டு நகைக்கும். விடுமுறையில் செலவு உண்டென்பதும் பொய்யன்று. ஆனால் பழந்தமிழில் செலவு என்றால் புறப்பட்டுச் செல்லுதல், பயணம். விடைபெற்றுச் செல்லும் பொருளிலும் தெலுங்கர் ‘செலவு’ என்கின்றனர். நாம் பணத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்ட சொல்லை அவர்கள் பயணத்தோடு சேர்த்தே காத்து வருகின்றனர். எல்லைக்குத் தெலுங்கில் என்ன சொல் என்று கேட்டால், ‘எல்ல’ என்பர்.

சுருட்டப்பள்ளிக் கோயிலில் சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கிறார். பாற்கடல் நஞ்சை உண்ட அயர்வில் அம்மையின் மடியில் தலை சாய்த்திருப்பதாக ஐதிகம். திருமாலைப் பள்ளிகொண்ட நிலையில் கண்டு பழகிய கண்ணுக்கு இது புதுமை. பிரதோஷத்தன்று சென்னையிலிருந்து பெருங்கூட்டம் வரும். மேற்கே சிறிது தொலைவில் நாகலாபுரத்தில், கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் ஊரமைத்துக் கட்டிய வேதநாராயணர் கோயில் உள்ளது. பங்குனியில் மாலைக் கதிர் மூலவர்மேல் படும் காட்சிக்குப் பெயர் பெற்றது. ஆகஸ்டில் அது கிடையாது.

நண்பகலுக்குப் பின் கால்வாயைக் காணச் செல்லுங்கள். இதைக் கட்டாயம் காண வேண்டும். கண்டலேறு அணையிலிருந்து 152 கிலோமீட்டர் ஓடிவரும் கிருஷ்ணா நீர், ஊத்துக்கோட்டை அருகே தமிழ்நாட்டில் புகுகிறது. அவ்விடத்தை மக்கள் ‘ஜீரோ பாயிண்ட்’ என்பர். அங்கிருந்து பூண்டி 25 கிலோமீட்டர். சென்னைக்குக் குடிநீர் தர மராட்டியம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்றும் ஆளுக்கு ஐந்து டி.எம்.சி. விட்டுக்கொடுக்க 1976இல் இசைந்தன. 1983இல் ஆந்திரமும் தமிழகமும் ஒப்பந்தம் செய்தன. வழியில் ஆவியாவதைக் கழித்து, எல்லையில் 12 டி.எம்.சி. தருவதாகக் கணக்கு. முதல் நீர் 1996இல் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் முழுக் கணக்கும் வந்துவிடுவதில்லை. அது மேலே பெய்யும் மழையையும், வழியில் வாடும் பயிரையும் பொறுத்தது. கால்வாயோரத்து உழவர் தம் வயலைக் கடந்து போகும் நீரை ஏக்கத்தோடு நோக்குவது இயல்பே. சென்னைவாசிகள் குழாயைத் திறக்கும்போது இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

பூண்டி நீர்த்தேக்கத்தை, நகரத் தந்தையாக இருந்த காலத்தில் முயன்று தொடங்கச் செய்தவர் தீரர் சத்தியமூர்த்தி. அவர் 1943 மார்ச்சில் மறைந்தார். அணை 1944இல் முடிந்தது. விடுதலை 1947இல் வந்தது. இரண்டையும் அவர் காணவில்லை. விடுதலைத் திருநாளன்று அந்தக் கரையில் ஒரு நாழிகை நிற்பது பொருத்தமே.

திரும்பும்போது திருப்பதிப் பேருந்தோ சென்னைப் பேருந்தோ ஊத்துக்கோட்டையிலேயே கிடைக்கும். விடுமுறை மாலையில் திருப்பதி வண்டிகள் நிரம்பி வருவதுண்டு. ஆடி மாதமாதலால் பெரியபாளையத்துக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். இருட்டும் முன்னரே நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.