மெத்தூசலா மூழ்கவில்லை

விவிலியத்தில் மிக அதிக காலம் வாழ்ந்தவர் மெத்தூசலா, 969 ஆண்டுகள். ஆதியாகமம் தரும் வயதுகளைக் கூட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். அவருக்கு 187 வயதாகும்போது லாமேக்கு பிறக்கிறான். லாமேக்குக்கு 182 வயதில் நோவா பிறக்கிறார். நோவாவின் 600-வது வயதில் ஜலப்பிரளயம். மூன்றையும் கூட்டினால் சரியாக 969. உலகம் மூழ்கிய அதே ஆண்டில் மெத்தூசலாவின் ஆயுளும் முடிகிறது.

கலிபோர்னியாவின் ஒயிட் மலைத்தொடரில், ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்தில், அதே பெயரில் ஒரு பைன் மரம் நிற்கிறது. பிரிசில்கோன் பைன் என்ற இனம். முறுக்கிப் பிழிந்த துணி போன்ற அடிமரம். பட்டையின் பெரும்பகுதி செத்து, ஒரு பக்கத்தில் மட்டும் உயிர் ஓடிக்கொண்டிருக்கும். 1957-இல் எட்மண்ட் ஷுல்மன் என்ற ஆய்வாளர் பென்சில் தடிமனுக்கு ஒரு குச்சியை அதன் உடலிலிருந்து துளைத்தெடுத்து வளையங்களை எண்ணினார். 4,700-க்கும் மேல் வந்தது. நேஷனல் ஜியாகரபிக் இதழில் அவர் கட்டுரை 1958 மார்ச்சில் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. ஏறக்குறைய ஐயாயிரம் வயது மரத்தைக் கண்டுபிடித்தவருக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை.

மரத்துக்குப் பெயர் வைத்தபோது அந்தப் பழைய கூட்டல் கணக்கு நினைவில் இருந்ததோ இல்லையோ, பெயர் வம்பாகத்தான் அமைந்துவிட்டது. அயர்லாந்தின் ஆர்மா நகரப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் வெளியிட்ட காலக்கணக்கின்படி உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004-இல், பிரளயம் வந்தது கி.மு. 2349-இல். கலிபோர்னியாவின் மெத்தூசலா முளைவிட்டது கி.மு. 2800-க்கும் முன்பு. மலையுச்சிகளுக்கு மேல் பதினைந்து முழம் தண்ணீர் நின்றிருந்தால், அந்த மரம் நானூற்றுச் சொச்சம் வயதில் மாதக்கணக்கில் நீருக்கடியில் கிடந்திருக்க வேண்டும். வேருக்குக் காற்று கிடைக்காத எந்த மலைப் பைனும் அதைத் தாங்காது.

ஆனால் ஒற்றை மரத்தை வைத்து வழக்கை முடித்துவிட முடியாது. பிரளயத்தை நம்புகிறவர்கள் பக்கமிருந்து வந்த கேள்வியில் நியாயம் இருந்தது: இவ்வளவு காலம் தாங்கும் இனமென்றால், ஏழாயிரம், எட்டாயிரம் வயதில் ஏன் ஒரு மரமும் இல்லை? எல்லாம் வெள்ளத்தில் அழிந்து, அதன்பிறகு முளைத்தவைதான் இவை என்று ஏன் கொள்ளக்கூடாது? எண்ணிக்கையில் சில நூறு வளையங்கள் கூடிப்போயிருக்கலாம், அவ்வளவுதானே! 1964-இல் நெவாடாவின் வீலர் சிகரத்தில் டொனால்ட் கரி என்ற ஆராய்ச்சி மாணவர் வனத்துறை அனுமதியோடு ஒரு பைனை வெட்டினார். 4,862 வளையங்கள் இருந்தன. அன்று வரை அறியப்பட்டவற்றிலேயே மூத்த மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டோம் என்பது எண்ணிய பிறகுதான் தெரிந்தது. அந்த வெட்டுகூடக் கேள்விக்குப் பதிலாகவில்லை. நூறு ஆண்டு கூடியது, அவ்வளவே.

பதில் உயிருள்ள மரங்களில் இல்லை. செத்துக் கிடக்கும் கட்டைகளில் இருந்தது.

அந்த மலைச்சரிவு குளிரானது, வறண்டது. பைனின் கட்டையோ பிசின் ஊறி இறுகியது. காளான் எளிதில் பிடிப்பதில்லை. விழுந்த கட்டை விழுந்த இடத்திலேயே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடக்கிறது. வறட்சி ஆண்டில் வளையம் நூல் போல ஒடுங்கும்; மழை கண்ட ஆண்டில் அகலும். ஒரே வட்டாரத்து மரங்கள் எல்லாவற்றிலும் இந்த ஒடுங்கல் அகலல் ஒரே வரிசையில் வரும். நம் பதிப்பாசிரியர்கள் சிதைந்த ஏடுகளைச் சேர்த்த விதத்தை நினைத்துக்கொண்டால் போதும். முன்பகுதி உளுத்த ஒரு சுவடி, பின்பகுதி உதிர்ந்த இன்னொரு சுவடி. இரண்டிலும் பொதுவாக உள்ள பாடல்களைப் பிடித்துக்கொண்டு நூல் முழுவதையும் மீட்டுவிடலாம். உயிருள்ள மரத்தின் உள் வளையங்கள் ஒரு செத்த கட்டையின் வெளி வளையங்களோடு பொருந்தினால், கணக்கு அந்தக் கட்டையின் பிறப்பு வரை பின்னோக்கி நீள்கிறது. இந்த வித்தையை உருவாக்கியவர் ஏ. இ. டக்ளஸ் என்ற வானியலாளர். சூரியப் புள்ளிகளின் சுழற்சியைத் தேடி மரத்துக்குள் புகுந்தவர், அரிசோனாவின் டூசான் நகரில் ஒரு புதிய துறையையே தொடங்கிவிட்டார்.

அவர் நிறுவிய ஆய்வகத்தின் வெஸ்லி ஃபெர்குசன் ஒயிட் மலையின் கட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து, 1969-இல் 7,104 ஆண்டுகளுக்கு அறுபடாத வரிசையை வெளியிட்டார். அஷரின் பிரளயத்தையும் தாண்டி, அவர் சொன்ன படைப்பு ஆண்டையும் தாண்டிப் போகிறது அது. நடுவில் ஒரு ஆண்டுகூட விட்டுப்போகவில்லை. இந்தக் கட்டுரையாளருக்கு வளைய எண்ணிக்கையைவிடப் பெரிய சாட்சியாகத் தோன்றுவது இன்னொன்று. மரம் மிதக்கும். மலையை மூடிய வெள்ளம் வந்திருந்தால், திறந்த சரிவில் கிடந்த அந்தப் பழைய கட்டைகளில் ஒன்றாவது இடத்தில் இருந்திருக்குமா?

அஷர் வாழ்ந்த மண்ணிலேயே இந்தக் கதைக்கு ஒரு விசித்திரமான திருப்பம் உண்டு. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் மைக் பெய்லியும் ஜான் பில்ச்சரும் வட அயர்லாந்துச் சதுப்புகளில் புதைந்து கிடந்த ஓக் மரங்களை ஆண்டுக்கணக்கில் அறுத்து எண்ணினார்கள். ஜெர்மன் ஓக் ஆய்வாளர்களோடு சேர்ந்து 1984-இல் 7,272 ஆண்டு வரிசை ஒன்றை வெளியிட்டார்கள். அதில் சில இடங்களில் வளையங்கள் மிக மோசமாக ஒடுங்கியிருந்தன. அப்படிப்பட்ட காலங்களில் ஒன்று கி.மு. 2354 முதல் 2345 வரை. பேராயரின் பிரளய ஆண்டு அதற்குள்ளேயே விழுகிறது! பெய்லிக்கே இது ஆச்சரியம்தான். தம் நூலில் இதைக் குறிப்பிடாமல் அவரால் இருக்க முடியவில்லை. அந்தப் பத்தாண்டில் அயர்லாந்துக்கு ஏதோ கெட்ட காலம் வந்திருக்கிறது. ஆனால் வளையம் ஒடுங்கியிருக்கிறதே தவிர நிற்கவில்லை. கி.மு. 2344-க்கும் வளையம் இருக்கிறது, 2343-க்கும் இருக்கிறது. கடலுக்கடியில் கிடக்கும் ஓக் வளையம் போடாது.

ஜெர்மனியின் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகம் ஆற்றுப் படுகைகளில் புதைந்த ஓக், பைன் கட்டைகளைக் கோத்து 2004-இல் 12,460 ஆண்டுகள் வரை போய்விட்டது.

"வருடத்துக்கு ஒரு வளையம் என்று யார் சொன்னது?" என்பதுதான் மிச்சமிருந்த ஆட்சேபம். இதைச் சோதனையாகவே செய்து பார்த்தவர் வால்டர் லாமர்ட்ஸ். தோட்டக்காரர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். 'குயின் எலிசபெத்' ரோஜாவை உருவாக்கியவர் அவர்தான். படைப்புவாத அறிஞரும்கூட. பிரிசில்கோன் நாற்றுகளுக்கு இடையில் தண்ணீர் நிறுத்தி மறுபடி ஊற்றியபோது சிலவற்றில் ஒரே ஆண்டில் இரண்டாவது வளையம் தோன்றியது. சோதனை நேர்மையானது, முடிவுதான் எட்டவில்லை. தொட்டியில் வளரும் நாற்றின் நிலை வேறு, ஆண்டில் சில வாரங்களே வளரக் கிடைக்கும் உச்சிமலை முதுமரத்தின் நிலை வேறு. அங்கே ஆய்வாளர்களைப் படுத்துவது கூடுதல் வளையம் அல்ல, மோசமான ஆண்டில் வளையமே போடாமல் விட்டுவிடும் கஞ்சத்தனம்தான். அதாவது பிழை நேர்ந்தால் மரத்தின் வயது கூடாது, குறையும்.

இந்த விவாதத்தைக் கடைசியில் தீர்த்துவைத்தது சூரியன் என்று சொல்லலாம். 2012-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபுசா மியாகே, யாகுஷிமா தீவின் தேவதாரு ஒன்றில் கி.பி. 774-775 வளையத்தில் கார்பன்-14 திடீரென எகிறியிருப்பதைக் கண்டார். விண்ணிலிருந்து, பெரும்பாலும் சூரியனிலிருந்து, துகள்கள் வெள்ளமாகப் பாயும்போது காற்றில் கார்பன்-14 கூடுகிறது. அந்த ஆண்டு உலகெங்கும் மூச்சுவிட்ட மரங்கள் அனைத்தும் அதை வளையத்தில் எழுதிக்கொள்கின்றன. ஜெர்மன் ஓக்கிலும் கலிபோர்னியப் பைனிலும் நியூசிலாந்தின் கௌரி மரத்திலும் அதே தடயம் கிடைத்தது. பிறகு மியாகே குழு இன்னும் பின்னுக்குப் போய், கி.மு. 5410-இல் இன்னொரு எகிறலைக் கண்டது. கலிபோர்னியா, சுவிட்சர்லாந்து, பின்லாந்து என மூன்று இடத்து மரங்களிலும் அது ஒரே ஆண்டில் நிற்கிறது. பைன்கள் நூற்றுக்கு ஒரு வளையம் கள்ளத்தனமாகக் கூட்டியிருந்தால்கூட, இத்தனை தூரம் எண்ணி வருவதற்குள் எழுபது ஆண்டுக்கு மேல் பிசகியிருக்க வேண்டும். பிசகவில்லை.

வெள்ளம் வந்தால் மரம் சொல்லாதா என்றால், சொல்லும், வெளிப்படையாகவே சொல்லும். கனடாவின் மனிடோபாவில் ரெட் ஆற்றங்கரை ஓக் மரங்களை எடுத்துக்கொள்ளலாம். பல நாள் நீரில் நின்ற ஆண்டில் அவற்றின் நீர்க்குழாய்கள் சிறுத்துவிடுகின்றன. 1826-இன் பெருவெள்ளம் அப்படியே பதிந்திருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கோபாலிஸ் ஆற்றோரம் சாம்பல் நிறத்தில் செத்து நிற்கும் செடார் காடு இன்னும் துல்லியமான சாட்சி. நிலநடுக்கத்தில் தரை தாழ்ந்து கடல்நீர் புகுந்து வேரைக் கொன்றது. வேர்களின் கடைசி வளையம் 1699. அடுத்த வளர்பருவம் தொடங்கும் முன்பே மரங்கள் செத்துவிட்டன. ஜப்பானியக் கரையோர ஊர்களின் ஏடுகளில், முன்னறிவிப்பாக எந்த நடுக்கமும் இல்லாமல் ஒரு கடற்பேரலை 1700 ஜனவரியில் வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. பெருங்கடலின் இரு கரைகளும் ஒரே குளிர்காலத்தைச் சுட்டுகின்றன.

உலகளாவிய வெள்ளம் இல்லை என்றால் வெள்ளக் கதைகள் பொய் என்று ஆகிவிடாது. ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களுக்குத் தங்கள் சமவெளிதான் உலகம். பாகவத புராணத்தில் மீன் வந்து எச்சரிக்கும் அரசன் சத்தியவிரதன் திராவிட நாட்டவன். அவன் நீர் அள்ளிய ஆறு கிருதமாலை. மதுரைக்காரர்கள் அதைத் தங்கள் கிருதுமால் நதி என்பார்கள். பிரளயக் கதை தொடங்கும் அந்த ஆறு இன்று நகரத்துக்குள் சாக்கடையாக ஓடுகிறது.

வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையில் போர்த் என்ற சிற்றூர். அங்கும் நம் கடல்கோள் போல ஒரு கதை: கான்ட்ரேர் குவைலோட் என்ற செழிப்பான நாட்டைக் காவலன் ஒருவனின் கவனக்குறைவால் கடல் கொண்டது என்பார்கள். புயல் மணலை அரித்துப்போன பிறகு, கடல் வற்றும் நேரத்தில் அந்தக் கரைக்குப் போனால் ஓக், பைன், பிர்ச் மரங்களின் அடிக்கட்டைகள் வரிசையாகத் தெரியும். 4,500 முதல் 6,000 ஆண்டு வரை பழமையானவை. பனியுகம் முடிந்து மெல்ல மெல்ல ஏறிவந்த கடலில் மூழ்கிய காடு அது. வேர்கள் இன்னும் கரிய களிமண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சில மணி நேரத்தில் அலை திரும்பி வந்து மூடிவிடும்.