உங்களுக்குத் தெரியுமா? வீட்டு வரியில் 10 காசு நூலகத்துக்கு

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வீட்டு வரி ஒரு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி வசூலாகிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமாக 1948-இல் சென்னை மாகாணத்தில் பிறந்த சட்டமே இதற்கு அடிப்படை. எனவே நூலகம் யாரோ தரும் இலவசம் அல்ல. ஊர் மக்களின் பணத்தில் நடப்பது.

இந்தத் தொகை மாவட்ட நூலக ஆணைக்குழுவைச் சேர்கிறது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள் எல்லாம் அதன் பொறுப்பு. நாளிதழ் படிக்கவும் போட்டித் தேர்வுக்குத் தயாராகவும் இடம் தருவதோடு அவற்றின் வேலை முடிவதில்லை. நூலகத்தின் வாசகர் வட்டம் நூல் அறிமுகக் கூட்டங்களை நடத்துகிறது. நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். அப்போது மாணவர்களுக்குப் போட்டிகள் நடக்கும்.

இவற்றுள் மிக அருமையானது, 2022-இல் தொடங்கிய ‘நூலக நண்பர்கள்’ திட்டம். நூலகம்வரை நடந்து வர இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர்கள் வீட்டுக்கே புத்தகம் கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். படித்து முடித்ததும் திரும்ப வாங்கி வருகிறார்கள்.

நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை வாழ்ந்த நாமக்கல் வீடு இன்று நினைவு இல்லம். அதற்குள்ளும் ஒரு நூலகம் இயங்குகிறது.