மோஸ்தரும் மேனியும்

மோஸ்தர் என்பது பெண்மக்களைப் பிடித்த வியாதி, ஆடவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நம் வீட்டுப் பெரியவர்கள் வெகு காலமாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களுடைய பழைய புகைப்படங்களை எடுத்துப் பார்த்தால் உண்மை விளங்கிவிடும். 1970-களில் வாலிபராயிருந்தவர்களின் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே யானைப் பாதம் போல் விரிந்து தெருவைப் பெருக்கிக்கொண்டு போயிற்று. பெல்பாட்டம் என்று அதற்குப் பெயர். 2010-ஐ ஒட்டிய வருஷங்களிலோ கால்சட்டை காலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை மாட்டிக்கொள்ளச் சாமர்த்தியம் வேண்டும். கழற்றுவதற்கு இன்னொருவர் ஒத்தாசையும் வேண்டும். இப்போது மறுபடியும் அகன்றிருக்கிறது. இந்த ஐம்பது வருஷங்களில் மனிதனுடைய கால் அகலவுமில்லை, குறுகவுமில்லை.

ஆனால் புது மோஸ்தர் எதையும் தொடுவதில்லை என்று சபதம் செய்துகொள்வது புத்திசாலித்தனமாகாது. நாம் தினம் அணியும் ஷர்ட்டே ஒரு காலத்தில் புதிதாக வந்து நுழைந்ததுதான். வந்தவற்றில் எதைத் தங்க வைப்பது என்பதே கேள்வி. இது வெறும் அலங்கார விஷயமுமல்ல. முதல் உத்தியோகத்துக்குப் பேட்டிக்குப் போகும் பையனுக்காகத் தகப்பனார் கைமாற்று வாங்கி உடுப்பு எடுத்துக் கொடுக்கிறார். ஆறு மாதத்தில் பையன் அதை அணிய வெட்கப்படுவானானால், நஷ்டம் தகப்பனாருக்குத்தான், கடைக்காரருக்கல்ல.

முதலில் பார்க்க வேண்டியது துணி. வெட்டும் தையலும் அப்புறம்தான். நூறு கிராம் உலர்ந்த பருத்தி சாதாரணக் காற்றிலிருந்து சுமார் 8 கிராம் ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். ஆளிச் செடியின் நாரில் நெய்யும் லினன் சுமார் 12 கிராம் வரையில் கொள்ளும். பாலியெஸ்டரோ அரை கிராம் கூடக் கொள்ளாது. பங்குனி, சித்திரையில் நம் ஊர் பஸ்ஸில் நின்றுகொண்டு பிரயாணம் செய்கிறவருக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை; அவருடைய முதுகே சொல்லும். மெல்லிய பாலியெஸ்டர்ப் பனியன் ஓடுகிறவனுக்கும் பந்தாடுகிறவனுக்கும் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறோம். இழைகளின் சந்து வழியே வியர்வை பரவிச் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது. ஆனால் மைதானத்தில் நல்லதாயிருப்பதைக் காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரையில் அணிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பக்கத்து நாற்காலிக்காரருக்குச் செய்யும் அநீதி.

லினன் ஷர்ட்டு இப்போது எங்கும் காணப்படுகிறது. இந்த மோஸ்தரை நாம் முழு மனத்துடன் வரவேற்கிறோம். அது கசங்கும், கசங்கட்டும். கசங்காத லினன் வேண்டுமென்பவர் வேறு துணியைத் தேடிக்கொள்வதே நலம். லினன் என்று சொல்லி விற்பதெல்லாம் லினனுமல்ல. உள் தையலில் இருக்கும் சிறு சீட்டைப் புரட்டி, நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பார்த்த பிறகே பணப் பையைத் திறக்க வேண்டும்.

இனி, கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை அணியும் கோட்டு. சென்னையில் 2003-ம் வருஷம் மே 31-ந் தேதி வெப்பம் 45 டிகிரியை எட்டியது. அப்படிப்பட்ட ஊரில், அதே மாதத்தில், உள்ளே பாலியெஸ்டர் வரித்த கோட்டையும் அதற்குள் இன்னொரு கையில்லாச் சட்டையையும் கழுத்தில் டையையும் பூட்டி, நாலு பெரிய விளக்குகளுக்கு எதிரே ஒரு பிள்ளையை மூன்று மணி நேரம் நிறுத்திவைக்கிறோம். புகைப்படக்காரர் சிரிக்கச் சொல்லுகிறார். பிள்ளையாண்டானும் சிரிக்கிறான். அவன் படும் பாடு மணமகளுக்குத்தான் தெரியும். அவளும் கனத்த பட்டைச் சுமந்துகொண்டு நிற்பதால் அனுதாபப்பட அவகாசமில்லை. கோட்டே கூடாதென்பது நம் கட்சியல்ல. உள் வரி இல்லாத பருத்திக் கோட்டு வெகு கௌரவமாயிருக்கும். பிற்பாடு பத்து இடங்களுக்கு உதவும். வரவேற்பன்று தவிர வேறெந்த நாளும் பெட்டியை விட்டு வெளிவராத உடுப்பை வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது மேல்.

ஜீன்ஸ் விஷயத்தில் நமது அபிப்பிராயம் சற்றுக் கடுமையானது. அமெரிக்காவில் 1873-ம் வருஷம் பேடண்ட் வாங்கப்பட்டபோது அதன் பெருமையெல்லாம் செப்பு ஆணிகளில் இருந்தது. கடின வேலை செய்கிறவனுடைய கால்சட்டைப் பை கிழியாதிருக்கவே அவை அடிக்கப்பட்டன. கிழியாமலிருக்கப் பிறந்த துணியைக் கிழித்து விற்பதும், கிழிசலுக்குத் தனி விலை வைப்பதும் நம் காலத்து விநோதம். விநோதத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். புதுத் துணியைப் பழசு போல் வெளுக்கச் செய்வதற்கு அதன்மேல் மணலை வேகமாகப் பீய்ச்சும் முறை ஒன்று உண்டு. அந்தத் தூசியைச் சுவாசித்த துருக்கித் தொழிலாளர்கள் பலருக்கு நுரையீரல் கெட்டு, சிலர் இளம் வயதிலேயே இறந்தார்கள். 2009-ம் வருஷம் துருக்கி அரசாங்கம் அந்த முறையைத் தடை செய்தது. கல்லில் அலசியும் லேசர்க் கதிரைப் பாய்ச்சியும் வெளுக்கும் வேறு வழிகளும் இருக்கின்றன. ஆனால் கடையில் தொங்கும் கால்சட்டையைப் பார்த்து அது எந்த வழியில் வெளுத்ததென்று நாம் சொல்ல முடியாது. கருநீல ஜீன்ஸ் ஒன்றை வாங்கி, நாமே உடுத்தி, நாமே வெளுக்கவைப்பதில் யாருக்கும் கெடுதலில்லை. செலவும் குறைவு.

பருவத்துக்கொரு நிறமாகப் பனியன் வாங்கிக் குவிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருப்பூர்ச் சாயப் பட்டறைகளின் கழிவால் நொய்யல் நதி கெட்டு, 2011 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட்டு அந்தப் பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. கழிவு நீரைச் சுத்தி செய்ய அங்கே பெரும் பணம் செலவிட்டார்கள். அளவுக்கு மீறி மலிவாய்க் கிடைக்கும் சாயத்துணியைப் பார்த்தால், அந்தச் செலவைச் செய்யாமல் தப்பித்தவர் யாரோ என்று நமக்குத் தோன்றுகிறது.

வேஷ்டியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நேயர்கள் மன்னிக்கமாட்டார்கள். 1921-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி மதுரையில் காந்தியடிகள் தம் உடையைக் களைந்து முழத்துண்டை ஏற்றபோது, அதில் மோஸ்தர் என்பது லவலேசமும் கிடையாது. 2014-ம் வருஷத்தில் வேஷ்டி கட்டியவரைச் சென்னையில் ஒரு சங்கத்துக்குள் விட மறுத்ததும், அதே வருஷத்தில் அப்படித் தடுப்பது குற்றமென்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததும் தெரிந்த செய்தி. அதன் பிறகு கல்லூரிப் பிள்ளைகளும் வேஷ்டி கட்ட ஆரம்பித்தார்கள். வெகு சந்தோஷம். இடுப்பில் ஒட்டிக்கொள்ளும் பட்டியும், செல்போனுக்குப் பையும் வைத்த வேஷ்டியைச் சிலர் பரிகசிக்கிறார்கள். நாம் பரிகசிக்கமாட்டோம். கை நடுங்கும் முதியவருக்கும் ஓடியாடும் குழந்தைக்கும் அது பெரிய உபகாரம். இருபத்தைந்து வயது வாலிபனுக்கு மட்டும் நாம் சொல்லுவது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டனாரிடம் போய் எட்டு முழத்தைக் கட்டப் பழகிக்கொள் என்பதே. அரை மணி நேர வேலை. கைத்தறியாயிருந்தால் நழுவவும் நழுவாது.

கடைசியாகத் தையல். பழைய தையற்காரர்கள் கால்சட்டையின் பின் தையலில் இரண்டு அங்குலத் துணியை உள்ளே மடித்து விட்டுவைப்பார்கள். மனிதன் பருப்பான் என்பது அவர்களுக்குத் தெரியும். இரண்டு வருஷம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் பிரித்துவிட்டுத் தருவார்கள். ஆயத்த உடைகள் பலவற்றில் அந்த மடிப்பு இருப்பதில்லை. எனவே அடுத்த தடவை கடைக்குப் போகும்போது கண்ணாடி முன் நிற்பதற்கு முன்னால் கால்சட்டையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். சிப்பந்தி சற்று முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.