பசும்புல்லும் தாள் துண்டும்

கோல்ஃப் மைதானத்தின் பசுமையைப் புகழாதார் இல்லை; அதன் பட்டறையை எட்டிப் பார்ப்பார் யார்? கொல்கத்தாவில் அத்தகைய பட்டறையொன்றில் உதவி மெக்கானிக்காகப் பணியாற்றும் நம் அன்பர் ஒருவரைக் கண்டோம்.

பந்து விழும் குழியைச் சூழ்ந்த புல்லை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் உயரத்தில் வெட்டுகிறார்கள். பொறியின் உருளை அலகுகள் அடிக்கத்தியோடு கூடிக் கத்தரிபோல் நறுக்க வேண்டும். 1830-இல் எட்வின் பட்டிங் என்ற ஆங்கிலேயர், கம்பளித் துணியின் பிசிறு நறுக்கும் ஆலைப்பொறியைக் கண்டு அமைத்த முறை இது.

அன்பர் தாள் துண்டொன்றை இடையில் நுழைத்து உருளையைக் கையால் சுழற்றினார். இடப்புறம் தாள் அறுந்தது, வலப்புறம் மடங்கியது. "இப்படியே அனுப்பினால் புல் நுனி கிழிந்து வெளுத்துவிடும். பழி நமக்குத்தான்" என்று திருகாணியைச் சற்றே முடுக்கினார். விடியுமுன் வண்டி புறப்பட வேண்டும். நாம் விடைபெறும்போது இன்னொரு தாளை எடுத்தார்.