ஓய்வுக் காலத்தில் பழைய நட்பு

வானொலியில் ஒரு குரலை ஆண்டுக்கணக்கில் கேட்கின்றோம். அக்குரலுக்கு உரியவரின் முகத்தை நாம் கண்டதில்லை, ஊரையும் அறியோம். எனினும் அவர் நம் வீட்டு மனிதராகவே ஆகிவிடுகின்றார். ஒருநாள் அக்குரல் நின்றுவிடுகின்றது. ஓய்வு பெற்றுவிட்டார் என்று யாரோ சொல்லக் கேள்விப்படுகின்றோம். அதன் பின் அவர் எங்கே சென்றார், யாருடன் பேசிக்கொண்டிருக்கின்றார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பல்லாயிரம் பேருக்கு ஒரே நேரத்தில் பேசிய ஒருவர், ஓய்வுக்குப் பின் பேச்சுத் துணைக்கு ஒருவர் இன்றி மாலைப் பொழுதைக் கழிப்பதும் உண்டு. வானொலியில் பணி புரிந்தோருக்கு மட்டும் நேர்வதன்று இது. பிழைப்பைத் தேடிப் பிற மாநிலங்களுக்கு வந்து, அங்கேயே முதுமையை எய்திய நம்மவர் பலருக்கும் பொருந்துவதே. ஆகையால் வானொலி நண்பர்களை உதாரணமாக வைத்துக்கொண்டு, விட்டுப்போன நட்பை மீண்டும் தொடர்வது எவ்வாறு என்பதைச் சற்று ஆராய்வோம்.

நாம் வாழும் பெங்களூரில் வானொலியின் வரலாறே ஓர் இடப்பெயர்ச்சியில்தான் தொடங்குகின்றது. மைசூர் மகாராஜா கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த எம். வி. கோபாலசுவாமி, 1935ஆம் ஆண்டில் தம் இல்லத்திலேயே 30 வாட் ஆற்றலுள்ள சிறிய ஒலிபரப்புக் கருவியை அமைத்து ஒரு நிலையத்தை நடத்தலானார். ஆகாசவாணி என்ற பெயர் அந்நிலையத்தில் வழங்கியதே. பிற்காலத்தில் அது நாடு முழுவதற்கும் உரிய பெயராயிற்று. பின்னர் மைசூர் அரசு அந்நிலையத்தை ஏற்றது. 1950இல் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. 1955இல் நிலையம் பெங்களூருக்கு மாறியது. ஒரு நிலையம் ஊர் மாறும்போது கருவிகள் மட்டும் மாறுவதில்லை. பாடகர், வாத்தியக் கலைஞர், அறிவிப்பாளர், பொறியாளர் என எத்தனையோ குடும்பங்கள் பழைய தெருவை விட்டுப் புதிய தெருவுக்கு வருகின்றன. சிலர் வராமலே நின்றுவிடுகின்றனர். கூடிப் பிரிவது வானொலித் தொழிலின் இயல்பு என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே காட்டும்.

தமிழ் ஒலிபரப்பின் கதையும் இத்தகையதே. சென்னையில் 1924ஆம் ஆண்டிலேயே வானொலிக் கழகம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருள் முட்டுப்பாட்டால் 1927இல் நின்றது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் தோன்றின. தில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்திகளைக் கேட்டு வளர்ந்தோர் பூர்ணம் விசுவநாதனையும் சரோஜ் நாராயணசுவாமியையும் மறக்கமாட்டார்கள். இவ்விருவரும் தமிழகத்துக்கு வெளியே இருந்தபடியே தமிழகத்தின் காதில் ஒலித்தவர்கள். பூர்ணம் விசுவநாதன் பின்னாளில் நாடக மேடையிலும் திரையிலும் புகழ் பெற்று 2008இல் காலமானார். சரோஜ் நாராயணசுவாமி 2022இல் மும்பையில் காலமானார். பிற மாநிலத் தமிழருக்கு இவர்கள் குரலோடு ஒரு தனி உறவு உண்டு. அவர்களும் நம்மைப் போலவே தொலைவிலிருந்து தமிழ் பேசியவர்கள் அன்றோ?

வானொலிக் கூடத்தில் முளைக்கும் நட்பு எத்தகையது? நிலையத்தின் நாள் விடியுமுன்பே தொடங்குகின்றது; இரவு நெடுநேரம் சென்றே முடிகின்றது. பணியாளர் முறை வைத்து வருவர், போவர். கூடத்தின் வாயிலில் சிவப்பு விளக்கு எரியும்போது ஒருவரும் பேசலாகாது. கண்ணாடிச் சாளரத்துக்கு அப்பாலுள்ள பொறியாளர் கையசைத்தால் அறிவிப்பாளர் பேசுவார். மற்றொரு கையசைவில் நிறுத்துவார். ஒரு நொடி தவறினாலும் ஊர் முழுவதும் கேட்டுவிடும். இவ்வாறு சொல்லின்றியே ஒருவரையொருவர் நம்பிப் பழகியவர்கள், சாதாரண அலுவலகத்தாரைவிட நெருங்கிவிடுவதில் வியப்பில்லை. ஆனால் அந்த நெருக்கம் பணிமுறையோடு கட்டுண்டது. இடமாற்ற ஆணை வந்தால் ஒருவர் தார்வாடுக்கும் மற்றொருவர் கோயம்புத்தூருக்கும் போவர். சில காலம் கடிதம் வரும். பின் பொங்கல் வாழ்த்து மட்டும் வரும். பின் அதுவும் வாராது.

ஓய்வு பெற்றபின் இப்பிரிவு இன்னும் ஆழமாகின்றது. பழைய தொலைபேசி எண்கள் மாறிவிட்டன. மக்களோடு வசிப்பதற்காக ஒருவர் ஒயிட்பீல்டுக்கு வருகின்றார்; அவருடைய பழைய தோழர் கெங்கேரியில் இருக்கின்றார். இருவரும் ஒரே நகரத்தில் வாழ்ந்தும் ஒருவர் இருப்பதை மற்றவர் அறியார். முன்பெல்லாம் நவம்பர் மாதத்தில் உயிர்வாழ்வுச் சான்று கொடுப்பதற்காக வங்கிக்குச் செல்லும்போது, வரிசையில் பழைய முகங்களைக் காண்பது உண்டு. 2014ஆம் ஆண்டில் ஜீவன் பிரமாண் என்னும் மின்னணு முறை வந்தது. 2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்று அளிக்கலாம். நடக்க இயலாத முதியோருக்கு இது பெரும் உதவி, அதில் ஐயமில்லை. எனினும் அந்த வரிசையில் கிடைத்த சந்திப்பு போயிற்று. வசதி கூடும் இடத்தில் சந்திப்பு குறைகின்றது. ஆகவே தானாக நிகழ்ந்ததை இனி நாமே முயன்று நிகழ்த்த வேண்டியிருக்கின்றது.

இதற்கு இத்துணை முக்கியத்துவம் தேவையா என்று சிலர் கேட்கலாம். சென்னை வானொலி நிலையம் தோன்றிய அதே 1938ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. சில நூறு இளைஞர்களின் வாழ்க்கையை முதுமை வரை தொடர்ந்து கவனித்த அவ்வாய்வு இன்றும் நடைபெறுகின்றது. ஐம்பதாம் வயதில் தம் உறவுகளிலும் நட்பிலும் மனநிறைவு பெற்றிருந்தவர்களே எண்பதாம் வயதில் அதிக நலத்தோடு இருந்தனர் என்பது அதன் முக்கியமான முடிவு. இரத்தத்திலுள்ள கொழுப்பின் அளவைவிட இதுவே வருங்கால உடல்நலத்தை நன்கு காட்டியதாம். உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் அமைத்த குழுவும் 2025இல் அறிவித்தது.

அங்ஙனமாயின் பழைய நண்பரைக் கூப்பிட நாம் ஏன் தயங்குகின்றோம்? இதையும் ஆராய்ந்திருக்கின்றார்கள். கனடாவையும் இங்கிலாந்தையும் சேர்ந்த இரு உளவியல் அறிஞர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பருக்குச் செய்தி அனுப்ப விருப்பமும் முகவரியும் அவகாசமும் இருந்தும், மூன்றில் ஒரு பங்கினருக்கும் குறைவானோரே அனுப்பினர் என்று கண்டனர். அறிமுகமற்றவரோடு பேசுவதற்கு எவ்வளவு தயங்குவோமோ, அவ்வளவே பழைய நண்பரிடமும் தயங்குகின்றோம். ஆனால் தற்போதைய நண்பர்களுக்குச் சில நிமிடம் செய்தி எழுதிப் பழகியபின் முயன்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பழைய நண்பருக்கும் அனுப்பிவிட்டனர். 2022இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, எதிர்பாராமல் வரும் விசாரிப்பை அதைப் பெறுவோர் நாம் நினைப்பதைவிட மிகுதியாகப் போற்றுகின்றனர் என்று காட்டியது. 'இத்தனை ஆண்டு பேசாதிருந்துவிட்டு இப்போது எப்படிக் கூப்பிடுவது?' என்னும் கூச்சம் நம் மனத்தில் மட்டுமே இருக்கின்றது. எதிர்ப்புறத்தில் பெரும்பாலும் மகிழ்ச்சியே காத்திருக்கின்றது.

இனிச் செய்யவேண்டியவற்றைக் காண்போம். முதலாவது, ஒரு தாளை எடுத்துக்கொண்டு, பணி புரிந்த ஊர்களை ஆண்டு வரிசையில் எழுதி, ஒவ்வோர் ஊருக்கும் நேராக நினைவுக்கு வரும் பெயர்களைக் குறிக்க வேண்டும். அதிகாரிகள் பெயர் மட்டும் போதாது. நிலைய வித்துவான், ஓட்டுநர், நள்ளிரவில் தேநீர் கொணர்ந்தவர் ஆகியோரும் அதில் இடம் பெறவேண்டும். இரண்டாவது, ஓய்வூதியர் சங்கத்தார் வாயிலாகவும் பொது நண்பர் வாயிலாகவும் விசாரிக்க வேண்டும். பிறர் எண்ணை அவர் அனுமதியின்றிக் கேட்டு வாங்குவதைவிட, நம் எண்ணை அவரிடம் சேர்ப்பிக்கச் சொல்லுவதே பண்பு.

மூன்றாவது, முதற் செய்தி. இக்காலத்தில் தொலைபேசி மோசடிகள் மலிந்துவிட்டமையால், அறியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பை முதியோர் எடுப்பதில்லை, எடுக்காதிருப்பதே நன்று. ஆகவே முன்னதாகச் சில வரி எழுதியோ, குரலைப் பதிந்தோ அனுப்பலாம். பெயர், நிலையம், ஆண்டு, இருவருக்கும் பொதுவான ஒரு நினைவு ஆகிய நான்கும் இருந்தால் போதும். நான்காவது, பேசும்போது செவித்திறன் குறைந்திருக்கக்கூடும் என்பதை எண்ணி, ஓசையற்ற இடத்தில் நிதானமாகப் பேசவேண்டும். முதல் உரையாடல் பத்து நிமிடத்தில் முடிவதே நலம். பதவி உயர்வில் நேர்ந்த பழைய மனக்கசப்புகளை அன்று கிளற வேண்டுவதில்லை. விடை வாராவிடில் வருந்தாமல், சில வாரம் சென்றபின் மீண்டும் ஒருமுறை முயலலாம். அதற்குமேல் வற்புறுத்துதல் ஆகாது.

நேரில் சந்திக்க விரும்புவோருக்கு இப்போது பெங்களூரில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒயிட்பீல்டு முதல் சல்லகட்டா வரை ஊதா வழி மெட்ரோ 2023 அக்டோபர் முதல் முழுமையாக ஓடுகின்றது. நகரின் இரு கோடியிலிருந்தும் புறப்படுவோர் நடுவிலுள்ள கப்பன் பூங்காவில் கூடலாம். ராஜ்பவன் சாலையிலுள்ள வானொலி நிலையமும் அங்கிருந்து தொலைவில் இல்லை. அல்சூர் ஏரிக்கருகே உள்ள தமிழ்ச் சங்கத்திலும் கூடலாம். மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம் என்று வரையறுத்துக்கொண்டால், வர இயலாதவர் அடுத்த மாதம் வருவார். மறைந்த தோழரின் மனைவியையோ கணவரையோ அழைப்பதும் நம் கடமை. குடும்ப ஓய்வூதியம் பெறுவதற்கு எந்தத் தாளைக் கொண்டு எங்கே செல்வது என்று அறியாமல் தவிப்போருக்கு, அவ்வழியில் முன்பே சென்ற ஒரு நண்பரின் சொல் எத்தனையோ அலைச்சலைக் குறைக்கும்.

இறுதியாக ஒன்று. அக்கால ஒலிபரப்பில் பெரும்பகுதி நேரடியாகவே நிகழ்ந்து காற்றில் கரைந்தது. பதிவான நாடாக்களிலும் பல அழிக்கப்பட்டு மீண்டும் பயன்பட்டன. எந்த நாடகத்தில் யார் நடித்தார், மின்சாரம் நின்ற இரவில் ஒலிபரப்பை எவ்வாறு காத்தனர் என்பவற்றுக்கு இன்று சான்று, பணியாற்றியோர் நினைவு ஒன்றே. ஒருவருக்குப் பாதி நினைவிருக்கும். மறுபாதி மற்றொருவரிடம் இருக்கும். இருவரும் கூடினாலன்றிக் கதை முழுமை பெறாது. அவர்கள் பேசும்போது, இசைவு பெற்று, பேரனோ பேத்தியோ கைப்பேசியில் பதிந்து வைத்தால் அதுவே ஒரு வரலாற்று ஏடாகும்.

வானொலியில் தவறவிட்ட நிகழ்ச்சியை மறுநாள் மறு ஒலிபரப்பில் கேட்கலாம். மனிதருக்கு மறு ஒலிபரப்பு இல்லை. இதைப் படித்து முடித்தவுடன் ஒரு பெயர் நம் நினைவுக்கு வருமாயின், இன்று மாலையே அவரை விசாரிப்போமாக.