முகாமுக்கு முன்பே மருந்துக்கடை

திருநீர்மலை, நாகல்கேணி, பம்மல் பக்கமிருந்து கண் முகாமுக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "இதுவரை கண்ணில் என்ன விட்டீர்கள்?" என்பதைத்தான். தூசி விழுந்து பத்து நாளாகியிருக்கும். "கடையில கொடுத்தாங்க டாக்டர், ரெண்டே நாள்ல சிவப்பு போயிடுச்சு" என்பார்கள். சிவப்பு போயிருக்கும், உள்ளே கருவிழிப் புண் ஆழமாகியிருக்கும்.

இலவசம் இருந்தும் வராதவர்கள்

சென்னையில் கண் சிகிச்சைக்குப் பஞ்சமில்லை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. சங்கர நேத்ராலயாவை 1978-இல் டாக்டர் பத்ரிநாத் தொடங்கினார். பம்மலிலேயே சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் போட்டது. ஆனாலும் 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண் சிகிச்சை தேவைப்பட்ட கிராமத்தினரில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வந்ததாகச் சொன்னது. பயம், செலவு, வீட்டுப் பொறுப்புகள் ஆகியவை மற்றவர்களைத் தடுத்தன. அதனால்தான் 2004 முதல் அரவிந்த் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தது. அங்கே பயிற்சி பெற்ற பெண்கள் பரிசோதிப்பார்கள், மருத்துவர் இணையம் வழியே பார்த்துப் பேசுவார். சங்கர நேத்ராலயா ஐ.ஐ.டி. மெட்ராஸுடன் சேர்ந்து அறுவை அரங்கையே பேருந்தில் ஏற்றி ஊருக்குக் கொண்டுபோனது.

கண்ணில் விடக் கூடாதவை

தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், வெங்காயச் சாறு, நந்தியாவட்டைப் பூச்சாறு. இவற்றில் எதுவுமே கிருமி நீக்கியதல்ல. நாக்கால் தூசி எடுப்பது வாயிலுள்ள கிருமியைக் கண்ணுக்குள் விடுவதுதான், தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இவற்றைவிட நான் அஞ்சுவது சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத்தான். நம் பக்கத்தில் கருவிழிப் புண்களில் பாதிக்குப் பக்கம் பூஞ்சையால் வருபவை. ஸ்டீராய்டு சிவப்பை மறைத்துவிட்டு, பூஞ்சை பரவ வழிவிடும். மாதக்கணக்கில் விட்டால் கண் அழுத்தம் ஏறும், புரையும் வரும். அழுத்தத்தால் போன பார்வையை எந்த மருத்துவமனையாலும் திருப்பித் தர முடியாது. போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிய மருந்து உங்கள் கண்ணுக்கு எப்படிப் பொருந்தும்?

"புரை முத்தட்டும்"

புரை முற்றிய பிறகு பார்க்கலாம் என்ற இந்தப் பேச்சைக் கேட்காத முகாமே இல்லை. செயற்கை லென்ஸ் வராத காலத்தில் காத்திருக்கச் சொன்னார்கள், அதற்கு அன்று காரணம் இருந்தது. இன்று பார்வைக் குறைவு அன்றாட வேலைக்குத் தடையானாலே அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாம். முற்றிய புரை கசிந்து கண் அழுத்தத்தை ஏற்றி, வலியோடு நடுராத்திரியில் மருத்துவமனைக்கு ஓடிவர வேண்டிய நிலை உண்டு. சொட்டு மருந்தில் புரை கரையும் என்பதும் பொய். கோடையில் செய்யக் கூடாது என்பதற்கும் ஆதாரமில்லை.

பரிசோதனை

முகாமில் நாங்கள் பார்ப்பது பார்வை அளவு, கண் அழுத்தம், விழித்திரை. இதில் வலி இல்லை.

உங்களிடம் கேட்பது

கட்டட வேலை, வெல்டிங் பட்டறைத் தம்பிகளே, பாதுகாப்புக் கண்ணாடியைப் போடுங்கள். கண்ணில் ஏதாவது பட்டால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், கசக்காதீர்கள், அன்றைக்கே வாருங்கள். குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்குப் போக ஒரு பேருந்து போதும். சர்க்கரை உள்ளவர்கள், பார்வை நன்றாகத் தெரிந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள்.

உங்கள் தெருவில் துணைக்கு ஆளில்லாமல் புரையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டி ஒருவர் கட்டாயம் இருப்பார். அடுத்த முகாமுக்கு அவரைக் கைபிடித்துக் கூட்டி வாருங்கள்.