வெறுங்கை வித்தை – 9: கைக்கு முன் கால்

1922 நவம்பர். ஜப்பானின் கியோட்டோ நகரில் ஒரு பந்தய மேடை. வெளிநாட்டுக் குத்துச்சண்டை வீரர் ஒருவர் ஜூடோக்காரர்களோடு மோதிக்கொண்டிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்திலிருந்து 52 வயதுக்காரர் ஒருவர் எழுந்துபோய் மேடையேறினார். ஒக்கினாவாத் தீவைச் சேர்ந்த அவர் பெயர் சோகி மொடோபு. சண்டை வெகுநேரம் நீடிக்கவில்லை. தரையில் விழுந்து கிடந்தவர் குத்துச்சண்டை வீரர்தான்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1925 செப்டம்பரில், 'கிங்' என்ற ஜப்பானிய மாத இதழ் இந்தச் சம்பவத்தைப் படங்களோடு வெளியிட்டது. கராத்தே என்ற பெயரையே கேள்விப்படாத பலருக்கு அதுதான் முதல் அறிமுகம். ஆனால் படத்தில் சண்டை போடுபவரின் முகம் மொடோபுவுடையது அல்ல. தோக்கியோவில் கராத்தே கற்பித்துவந்த கிச்சின் ஃபுனகோஷியுடையது! இருவருக்கும் ஏற்கெனவே ஆகாது. இதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம்.

நம் அக்கறை அந்த மனக்கசப்பில் இல்லை. மொடோபு எப்படி நிற்பார் என்பதில்தான் இருக்கிறது. 1926-இல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் ஜோடிப் பயிற்சிகளின் புகைப்படங்கள் இருக்கின்றன. சினிமாச் சுவரொட்டிகளில் பார்க்கும் அகன்ற, தாழ்ந்த நிலை எதையும் அவற்றில் காண முடியாது. முழங்கால்கள் லேசாக மடங்கியிருக்கின்றன. உடல் சற்றே பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது. இரண்டு கைகளும் முன்னால், ஒன்றையொன்று விட்டுப் பிரியாமல் நிற்கின்றன. பார்ப்பதற்கு மிகச் சாதாரணம்.

இந்த நிலையை அவர் எங்கிருந்து எடுத்தார்? 'நைஹாஞ்சி' என்ற பழைய கட்டாவிலிருந்து (கட்டா என்பது தனியாகச் செய்யும், வரிசை மாறாத அசைவுத் தொகுப்பு). ஒரே நேர்க்கோட்டில் இடமும் வலமுமாக மட்டுமே நகரும் கட்டா அது. கால்களைப் பக்கவாட்டில் அகட்டி, முழங்கால் மடக்கி, முதுகு நிமிர்த்தி நிற்க வேண்டும். அந்த நிற்பை அப்படியே இடப்பக்கமோ வலப்பக்கமோ திருப்பினால் சண்டைக்கான நிலை கிடைத்துவிடும் என்பது மொடோபுவின் பாடம்.

செய்து பார்க்கலாம். தோள் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி நில்லுங்கள். இப்போது இடுப்பை இடப்பக்கமாக முக்கால் பாகம் திருப்புங்கள். பாதங்களும் கூடவே திரும்பட்டும். இடது கால் முன்னங்காலாகிவிடும், வலது கால் பின்னங்காலாகிவிடும். உடலின் எடை இரண்டு கால்களிலும் ஏறக்குறைய சமமாக இருக்கும். எதிராளிக்கு உங்கள் நெஞ்சின் முழு அகலமும் தெரியாது. ஆனால் பின்கை அவரை எட்டும்.

இதில் மூன்று இடங்களைக் கவனமாகச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, அகலம். முன்பாதமும் பின்பாதமும் ஒரே கோட்டில் வந்துவிடக் கூடாது. வந்தால், கயிற்றின் மேல் நிற்பவர் கதைதான்: பக்கவாட்டிலிருந்து சிறு தள்ளு விழுந்தாலே உடல் ஆடும். பின்கையால் குத்தும்போது இடுப்பு முழுதாகத் திரும்பவும் இடமிருக்காது. இரண்டு குதிகால்களுக்கும் நடுவே இடுப்பளவு இடைவெளி வேண்டும்.

இரண்டாவது, பின்பாதம். புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். அவர்கள் அறியாமலே விரல்கள் வெளிப்பக்கமாக, பின்னோக்கிக்கூடத் திரும்பிவிடுகின்றன. அப்படி நின்றால் தரையை உதைத்து முன்னே பாய முடியாது. விரல்கள் முன்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும். 45 டிகிரிக்கு மேல் வெளியே திரும்பினால் பாய்ச்சல் குறையும்.

மூன்றாவது, முழங்கால். பாத விரல்கள் எந்தத் திசையைக் காட்டுகின்றனவோ, முழங்காலும் அதே திசையில்தான் மடங்க வேண்டும். பாதம் ஒரு பக்கமும் முழங்கால் உள்பக்கமுமாக முறுகினால் மூட்டின் தசைநார்கள் அந்தச் சுமையைத் தாங்குகின்றன. ஒரு நாள் அப்படி நின்றால் ஒன்றும் ஆகாது. வாரம் மூன்று வகுப்பு, ஆண்டுக்கணக்கில் என்றால் வலி வீடு தேடி வரும்.

கைகளுக்கு இதன் பிறகுதான் வருகிறோம். பெரும்பாலான பள்ளிகளில் முன்கை முஷ்டி தோள் உயரத்தில், முழங்கை விலாவை விட்டு அதிகம் விலகாமல் இருக்கும். பின்கை நெஞ்சுக்குழிக்கு முன்னால் காவல் நிற்கும். தோள்கள் தளர்ந்திருக்க வேண்டும். தோள் ஏறினால் மூச்சும் மேலே ஏறிவிடும். கராத்தேயை ஒக்கினாவாப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோன அன்கோ இடொசு, 1908-இல் எழுதிய புகழ்பெற்ற கடிதத்திலேயே தோளை இறக்கி, காலில் வலுவை வைத்து, அடிவயிற்றில் பலத்தைத் தேக்கி நிமிர்ந்து நிற்கும்படி சொல்லியிருக்கிறார்.

அப்படியானால் இன்று ஃபுனகோஷியின் வழிவந்த ஷோட்டோகான் பாணி வகுப்புகளில் பார்க்கும் அந்த நீண்ட, தாழ்ந்த நிலைகள் எங்கிருந்து வந்தன? ஃபுனகோஷியின் மகன் கிகோவின் காலத்தில், 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும், நிலைகள் நீளவும் தாழவும் தொடங்கின. தந்தையின் பழைய புகைப்படங்களையும் அடுத்த தலைமுறையின் படங்களையும் அருகருகே வைத்தால் வேறுபாடு சட்டென்று தெரியும். தாழ்ந்த நிலை தொடையை வலுப்படுத்தும், இடுப்பைப் பழக்கும். பயிற்சிக்கு அது அருமையானது. ஆனால் அதே ஆழத்தில் நின்றுகொண்டு எதிராளியைச் சந்திக்க நினைத்தால் கால் தாமதமாகத்தான் வரும். பயிற்சி நிலையையும் சண்டை நிலையையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவதுதான் மாணவர்களை அதிகம் தடுக்கிறது.

போட்டி விதிகளும் நிற்பை மாற்றுகின்றன. உலக கராத்தே சம்மேளன விதிப்படி 8 மீட்டர் சதுரத்தில் புள்ளிகளுக்காக மோதுபவர்கள், தூரத்தில் நின்று துள்ளிக்கொண்டே இருப்பார்கள். பாய்ந்து தொட்டு விலகுவதுதான் அங்கே பிழைப்பு. முகத்தில் முஷ்டியால் குத்தக் கூடாது, உடலில் முழு வலுவோடு அடிக்கலாம் என்கிற கியோகுஷின் போட்டியில், நெருங்கி, நெஞ்சை நேராக நிறுத்தி, அடியை வாங்கிக்கொண்டே நிற்பார்கள். இரண்டும் அந்தந்தக் களத்துக்குச் சரி. இரண்டிலும் மாறாதது ஒன்று: எடை ஒரே காலில் தங்கிவிடக் கூடாது. களைத்தவர்கள் முன்காலில் சாய்ந்துவிடுவார்கள். தேர்ந்த எதிராளி அதற்காகவே காத்திருந்து, அந்தக் காலை வாரிவிடுவார்.

ஃபுனகோஷி தன் இருபது கட்டளைகளில் ஒன்றில், வகுத்த நிலை தொடக்கக்காரருக்கு, இயல்பான நிற்பு பிற்காலத்துக்கு என்கிறார். இதைக் காட்டி, நிலைப் பயிற்சியே தேவையில்லை என்று வாதிடுபவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஃபுனகோஷி தன் இளமையில் நைஹாஞ்சியின் மூன்று கட்டாக்களை மட்டும் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் பயின்றவர். மொடோபு நம்பிய அதே நைஹாஞ்சி! கடைசிவரை ஒத்துப்போகாத இரண்டு பேரும் கால் பழக்கியது ஒரே கட்டாவில்தான்.

பிள்ளையைக் கராத்தேக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வகுப்பைப் பார்க்க உட்காரும்போது குத்தையும் உதையையும் விட்டுவிட்டு, பிள்ளையின் முழங்காலையும் பாதத்தையும் மட்டும் பாருங்கள். இரண்டும் வெவ்வேறு திசையில் இருந்தால், அடுத்த பெல்ட்டைப் பற்றிக் கேட்பதற்கு முன் மாஸ்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

(தொடரும்)